மறுபிறவி எடுத்த ஆட்டம்

"இணையத்தில் ஆடும் ஆட்டத்தைப் பற்றியெல்லாம் பள்ளி மலரில் எழுதலாமா?" என்று தோழியர் சிலர் கேட்டனர். நேரத்தைத் தின்னும் ஒன்றைப் பற்றி எழுதுவானேன் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் தோற்றுப்போன ஓர் ஆட்டம் திருந்திய கதைதான், தவறு செய்த என்னையும் திருத்தியது. ஆகவே எழுதத் துணிந்தேன்.

2020ஆம் ஆண்டு, கொரோனா ஊரடங்கினால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலம். கிணத்துக்கடவுக்கு அருகே எங்கள் தோட்டத்து வீட்டில் இருந்த ஒரே கைப்பேசி அம்மாவுடையது. எனக்கும் தம்பிக்கும் பாடங்கள் அதில்தான் வரும். பால் ஊற்றிய பணமும் அம்மாவின் வங்கிக் கணக்கில்தான் சேரும். பாடம் முடிந்ததும் நான் ஓர் ஆட்டம் ஆடுவேன். அதில் வரும் வீராங்கனைக்குப் புதிய உடை வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும். அம்மாவுக்காகப் பணம் அனுப்பிப் பழகியதால் இரகசிய எண் எனக்குத் தெரியும். ஐம்பது, நூறு என்று எடுக்கத் தொடங்கி, 1,450 ரூபாய் வரை எடுத்துவிட்டேன்.

மாட்டுக்குத் தவிடும் புண்ணாக்கும் வாங்கப் போன அன்று குட்டு வெளிப்பட்டது. அப்பா கோபத்துடன் வீட்டுக்குள் நுழைந்தபோது கைப்பேசி தம்பியின் கையில் இருந்தது. அவன் அடி வாங்கினான். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, வாய் திறக்கவில்லை. அன்று முதல் தம்பி உள்ளே வந்தால் அம்மா தன் சுருக்குப் பையை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வார்.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2024 பொங்கலுக்குப் பெரியம்மா மகன் வந்திருந்தார். கோவையில் கணினி ஆட்டங்களுக்குப் படம் வரைந்து கொடுப்பது அவர் தொழில். பட்டிப் பொங்கல் முடிந்து திண்ணையில் அமர்ந்திருந்தபோது, "ஏனுங்கண்ணா, ஓர் ஆட்டம் ஆருக்கும் பிடிக்காமப் போயிட்டா அதைத் தூக்கிப் போட்டிருவாங்களா?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் அப்படித்தான் அம்மணி. ஆனா ஒண்ணு செத்துப் பொழைச்சுது" என்று சொல்லத் தொடங்கினார்.

ஜப்பானில் ஸ்கொயர் எனிக்ஸ் என்னும் நிறுவனம் 2010 செப்டம்பர் 30 அன்று 'ஃபைனல் ஃபேன்டசி 14' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. பல நாடுகளில் இருப்பவர்கள் ஒரே கற்பனை உலகுக்குள் ஒன்றுகூடி ஆடும் ஆட்டம் அது. புகழ்பெற்ற வரிசையில் வந்தும் படுதோல்வி அடைந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் எதைச் செய்தாலும் தாமதம். எங்கே போனாலும் ஒரே மாதிரி நிலப்பரப்பு. ஓரத்தில் கிடக்கும் பூந்தொட்டியைக்கூட, ஆடுபவரின் உருவத்துக்கு ஈடான நுணுக்கத்தோடு வரைந்து வைத்திருந்தார்களாம்! தொட்டிகளைச் சுமக்கவே கணினியின் வலிமை செலவானால், ஆட்டம் எப்படி ஓடும்?

அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனத் தலைவர் யோயிச்சி வாடா, ஆடுவோரிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஆட்டம் சீராகும்வரை மாதச் சந்தா வாங்குவதில்லை என்றார். பொறுப்பு நவோகி யோஷிடா என்பவரிடம் போயிற்று. முதலில் ஏன் தோற்றோம் என்று ஆராய்ந்தார் அவர். வெற்றி பெற்ற பிறருடைய ஆட்டங்களை ஆடிப் பாருங்கள் என்று தம் குழுவினரை ஊக்கினார். என்ன நடக்கிறது என்பதை ஆடுவோருக்கு அடிக்கடி கடிதமாக எழுதினார். பழைய ஆட்டத்தைச் செப்பனிட்டு நடத்திக்கொண்டே, அடித்தளத்திலிருந்து புதிய ஆட்டம் ஒன்றையும் கட்டச் செய்தார்.

இது எத்தனை கடினம் என்பது நம் ஊர்க்காரர்களுக்கு எளிதில் விளங்கும். நம் ஊர் வழியாகச் சென்ற போத்தனூர் - பொள்ளாச்சி மீட்டர் கேஜ் பாதையை ஆண்டுக்கணக்கில் மூடி வைத்து, 2017இல்தான் அகலப் பாதையாகத் திறந்தார்கள். அதுவரை நாம் பேருந்தில் போனோம். யோஷிடாவோ ரயிலை ஓட்டிக்கொண்டே பக்கத்தில் புதுப் பாதை போட்டார்.

2012 நவம்பர் 11 அன்று பழைய ஆட்டம் மூடப்பட்டது. சத்தமின்றி மூடவில்லை. வானிலிருந்து ஒரு நிலவு விழுந்து அந்த உலகம் அழிவதாகக் கதையை அமைத்து, ஆடுவோர் கண்முன்னே முடித்தார்கள். 2013 ஆகஸ்ட் 27 அன்று புதிய ஆட்டம் பிறந்தது. அதன் கதை அந்த அழிவுக்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பின் தொடங்குகிறது. முன்பு ஆடியவர்கள் தங்கள் பழைய பாத்திரங்களுடனேயே உள்ளே வரலாம். 2021 டிசம்பரில் கூட்டம் தாங்காமல், அந்த ஆட்டத்தின் விற்பனையையே சில வாரங்கள் நிறுத்தி வைக்க நேர்ந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

"நம்ம நாட்டுலகூட ஒண்ணு திரும்பி வந்துதுங்களே?" என்றேன். "வந்துது. ஆனா பேரை மாத்தினா மட்டும் பத்தாது" என்றார் அண்ணன். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளுள் 'பப்ஜி மொபைல்' ஒன்று. 2021 ஜூலையில் அது புதுப் பெயருடன், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே என்ற விதியுடன் வந்தது. 2022 ஜூலையில் மீண்டும் நிறுத்தப்பட்டு, 2023 மே மாதம்தான் திரும்பியது. ஒருமுறை போன நம்பிக்கை, மறுமுறையும் நிறுத்திக் கேள்வி கேட்கும் போலும்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த மூன்று ஆண்டுகளும் நான் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தேன். நல்ல மதிப்பெண் வாங்கினேன்; தம்பிக்குத் தின்பண்டம் வாங்கிக் கொடுத்தேன்; அம்மாவுக்குச் சாணி அள்ளிக் கொடுத்தேன். அத்தனையும் அந்தப் பூந்தொட்டிதான் என்று புரிந்தது. அழகாக வரைந்திருந்தேன், ஆட்டம் நகரவில்லை. செய்ய வேண்டிய முதற்காரியத்தை நான் செய்யவே இல்லை.

மறுநாள் காலை, எல்லாரும் இருக்கும்போது சொல்லிவிட்டேன். அப்பா எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். அம்மா ஒன்றும் பேசவில்லை. தம்பி மட்டும், "எனக்கு அப்பவே தெரியுங்க்கா" என்றான்.

"பின்னே ஏன்டா சொல்லலை?"

"சொன்னா நம்பியிருப்பாங்களா?"

அப்பா கொடுத்த அடியைவிட, என் மௌனம் அவனுக்குச் செய்த தீங்கு பெரிது என்று அன்றுதான் உணர்ந்தேன். உண்மையைச் சொல்லும் உரிமையையே அவனிடமிருந்து பறித்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்டவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் தோட்டத்தில் ஆட்களோடு சேர்ந்து தக்காளி பறித்தேன். அப்பா எனக்கும் கூலி கொடுத்தார். 1,450 ரூபாய் சேர்ந்ததும் அம்மாவின் கையில் வைத்தேன். அன்றாடப் பால் கணக்கை ஒரு நோட்டில் எழுதி, தம்பியையும் உட்கார்த்திக் கூட்டச் சொல்வேன். தப்பு இருந்தால் அவன் கண்டுபிடிப்பான், நான் திருத்துவேன்.

பல மாதங்கள் கழித்து ஒரு மாலை. வாசலில் கீரைக்காரம்மா நின்றிருந்தார். அம்மா பால் கறந்துகொண்டே, "தம்பி, என்ற சுருக்குப் பையில இருந்து இருபது ரூவா எடுத்துக் குடு கண்ணு" என்று கூப்பிட்டார். தம்பி ஒரு கணம் தயங்கி நின்று என்னைப் பார்த்தான். பிறகு உள்ளே ஓடினான்.

தோழியரே, ஆட்டமானாலும் வீடானாலும், புதுப் பூச்சுப் பூசுவதால் மறுபிறவி வந்துவிடாது. "தவறு என்னுடையது" என்னும் சொல்லில்தான் அது தொடங்குகிறது. அதைச் சொல்ல எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு அத்தனை நாள் ஆக வேண்டாம்.

- பன்னிரண்டாம் வகுப்பு மாணவி