பக்கவாத்திய தர்மம்

சங்கீதம் உடலையே மாற்றிவிட வல்லது என்பதைக் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையவாசிகளுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சிவசாரூபம் வேண்டித் தவமிருந்த திருமால், ஆளுடைய பிள்ளையாராகிய ஞானசம்பந்தர் பாடிய பதிகத்தைக் கேட்டு உருகி லிங்க வடிவானார் என்றும், அதனாலேயே அம்மூர்த்திக்கு ஓதவுருகீசர் என்னும் திருநாமம் உண்டாயிற்று என்றும், பாடிய பிள்ளையாரின் பெயரையே எங்கள் பேட்டை தாங்கி நிற்கிறது என்றும் எங்கள் திருமேற்றளிக் கோயிலின் ஐதிகம் கூறுகிறது. உருக்கிய பதிகம் இன்று கிடைக்கவில்லை. அத்தலத்துக்கு அப்பரும் சுந்தரரும் பாடியவையே மிஞ்சியிருக்கின்றன. கிடைத்திருந்தால், அதன் பண் இன்ன வியாதிக்கு உகந்தது என்று இதற்குள் யாரேனும் அட்டவணை போட்டிருப்பார்கள்.

இந்த அட்டவணை மோகத்தில் எனக்குச் சிரத்தை இல்லை. சம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் மழவன் மகளின் முயலகன் நோயைப் பாடித் தீர்த்ததையும், முத்துஸ்வாமி தீக்ஷிதர் தம் சிஷ்யர் தம்பியப்பனின் வயிற்று வலிக்காக அடாணா ராகத்தில் குருபகவான்மீது கீர்த்தனம் இயற்றினார் என்ற கர்ண பரம்பரையையும் சான்றுகாட்டி, ரத்தக்கொதிப்புக்கு இந்த ராகம், நித்திரையின்மைக்கு அந்த ராகம் என்று சீட்டு எழுதித் தருபவர்கள், நோயாளியை வெறுமனே காது கொடுப்பவனாக ஆக்கிவிடுகிறார்கள். அவனுக்கும் சொல்ல ஏதோ ஒன்று இருக்கக்கூடும் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

தோன்றியவர்களுள் பால் நார்டாஃப் என்ற அமெரிக்க சங்கீத கர்த்தாவும் கிளைவ் ராபின்ஸ் என்ற ஆங்கில உபாத்தியாயரும் முக்கியமானவர்கள். 1959-ல் இங்கிலாந்தில் சன்ஃபீல்ட் என்னும் குழந்தைகள் இல்லத்தில் அவர்கள் தொடங்கிய சிகிச்சையில் முன்கூட்டித் தயாரித்த பாட்டு என்று எதுவும் பிரதானமாக இருக்கவில்லை. மனவளர்ச்சி குன்றிய குழந்தை முரசை எவ்வாறு தட்டுகிறதோ அந்தக் காலப்பிரமாணத்தையே பியானோ ஏற்கும். அது நிறுத்தினால் இதுவும் நிற்கும். அது வீரிட்டு அழுதால் அந்த அழுகையின் சுருதியைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றி ஸ்வரங்களை அமைத்துப் போகும். அப்படி அலறிக்கொண்டிருந்த ஒரு சிறுவனின் அழுகை, சிறிது சிறிதாகப் பியானோவின் ஸ்வரங்களோடு இசைந்து, பதில் சொல்லும் குரலாகவே மாறியதை அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது, மனோதர்மம் நமக்குப் புதிதா என்றுதான் முதலில் எண்ணினேன். ஆலாபனையும் நிரவலும் கல்பனாஸ்வரமும் நம் கச்சேரியின் ஜீவன் அல்லவா? ஆனால், இதே காஞ்சியில் வாழ்ந்து 1934-ல் மறைந்த நாயனாப் பிள்ளை, மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியங்களை அமர்த்திக்கொண்டு, அவர்களைத் திணறடிக்கும் பல்லவிகளைப் பாடிப் பிரசித்தி பெற்ற மகாவித்வான் என்பதை நினைக்கும்போது, அந்த மனோதர்மம் சபையை வெல்லப் பிறந்தது என்பது விளங்குகிறது. தருமபுரத்தில் சம்பந்தர் பாடியது யாழில் அடங்காமற்போகவே, யாழ்ப்பாணர் யாழை முறிக்கத் துணிந்ததும் இவ்வகையைச் சேர்ந்ததே. சிகிச்சைக்கு வேண்டியதோ பக்கவாத்தியக்காரனின் தர்மம்: கோர்வைப் புடவை நெய்யும்போது நெசவாளியின் மிதியைக் கவனித்துக் கரை நாடாவை வாங்கித் திருப்பும் பையனைப்போல, எதிராளியின் அடுத்த அசைவுக்காகக் காத்திருக்கும் தர்மம்.

எங்கள் தெருவில் பாரிசவாயுவினால் வலக்கையும் பேச்சும் இழந்த முதிய நெசவாளி ஒருவர், இடக்கையால் கட்டிற்சட்டத்தை ஓயாமல் தட்டிக்கொண்டிருப்பார். வீட்டார் அதை வியாதியின் கூறாகவே கருதினர். மிருதங்கம் கற்றுவந்த பேரன்மட்டும், ஒரு நாள் விளையாட்டாக, அவர் தட்டியதைத் திருப்பி வாசித்தான். கிழவர் நிறுத்தினார், உற்றுப் பார்த்தார், வேறுவிதமாகத் தட்டினார். அதன்பின் மாலைதோறும் இது நடந்தது. அது என்ன தாளம் என்று கேட்டேன். "தாளமெல்லாம் இல்ல சார், தாத்தா எங்க நிறுத்துறாரோ அங்க நானும் நிறுத்திடுவேன்" என்றான்.

அவருக்குப் பேச்சு திரும்பவில்லை. இம்முறைக்கு அதிசயங்களைக் கற்பிப்பது நியாயமுமல்ல. பின்லாந்தில் மனச்சோர்வுற்ற 79 பேரிடம் நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வழக்கமான வைத்தியத்தோடு இவ்வகைச் சங்கீதமும் பெற்றவர்கள் மூன்று மாதத்தில் அதிகம் தேறியிருந்தனர். ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகளை ஒன்பது தேசங்களில் பரிசோதித்து 2017-ல் வெளியிட்டதிலோ, நோய்க்குறிகளின் கடுமையில் சொல்லத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. கிழவர் மாலையில் வாயிற்புறம் நோக்கித் திரும்பிப் படுக்கத் தொடங்கியது எந்த அளவுகோலில் சேருமோ, எனக்குத் தெரியாது.

பேரனின் மிருதங்க வாத்தியார் இதைக் கேள்வியுற்று மிகவும் கோபித்துக்கொண்டார். கணக்கில்லாமல் வாசித்தால் பையனின் கை கெட்டுவிடும், அரங்கேற்றத்துக்கு உதவமாட்டான் என்பது அவர் வாதம். அது அசட்டு வாதமன்று. அரை அட்சரம் பிசகினால் சபை மன்னிக்காத தொழிலில் பையனை அவர் தயார் செய்கிறார். நார்டாஃப்கூடக் கல்லூரிப் பேராசிரியர் பதவியை விட்டுவிட்டுத்தான் இந்த வேலைக்கு வந்தார் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தம் கட்சிக்கே அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டிருப்பார்.