காசு கொடுத்துக் கறுக்கிறார்கள்!



ஒரு சங்கதி சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள். கறுப்பாய்ப் பிறந்துவிட்டோமே என்று நம்மில் எத்தனை பேர் கண்ணாடி முன்னால் நின்று பெருமூச்சு விட்டிருக்கிறோம்! "பொண்ணு கொஞ்சம் நெறம் மட்டு" என்று சொல்லிவிட்டுப் பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போன வீடுகள் நம் லயங்களில் எத்தனை! ஆனால் ஆஸ்திரேலியாவில் வெள்ளைத் தோலோடு பிறந்த பெண்கள் முன்கூட்டியே நேரம் குறித்து வைத்து, காசு கொடுத்து, உடம்பைக் கறுக்க வைத்துக்கொண்டு போகிறார்கள். காதால் கேட்டதல்ல. 2023 நவம்பரில் பெர்த் நகரில் என் கண்ணால் பார்த்தது.

என் மகள் கல்யாணமாகி அங்கே போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. ஓர் அழகு நிலையத்தில் வேலை செய்கிறாள். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போயிருந்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டால் எனக்குப் பொழுது போகாது. "சும்மா வந்து உட்காருங்கம்மா" என்று ஒருநாள் வேலையிடத்துக்கு அழைத்துப் போனாள்.

கடை திறக்கும் முன்பே போய்விட்டோம். உள்ளே ஒரு சிறிய அறை. அதில் கறுப்புத் துணியாலான ஒரு கூடாரம். பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார், நீளமான குழாய், அதன் முனையில் துப்பாக்கி போல ஒரு பீச்சி. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேராக்கில் ஒரு தோட்டத்தில் பதினோரு வருடம் முதுகில் பம்பைச் சுமந்து புல்லுக்கு மருந்தடித்தவள் நான்.

"என்னடி இது, அம்மா புல்லுக்கு அடிச்சேன், நீ மனுசருக்கு அடிக்கிறியா?" என்று கேட்டேன்.

"அதேதாம்மா. அங்கேயும் அளவு தப்பினா வம்பு, இங்கேயும் அளவு தப்பினா வம்பு" என்றாள்.

மருந்தடித்த சகோதரிகளுக்கு இந்தப் பேச்சு உடனே விளங்கும். கலவை நீர்த்துப் போனால் புல் சாகாது. கெட்டியாகிவிட்டால் பக்கத்தில் நிற்கும் செம்பனைக் கன்றின் மட்டையும் கருகும். அங்கே புல்லைப் பார்த்து அளவு. இங்கே தோலைப் பார்த்து அளவு.

அந்தக் கரைசலில் இருப்பது டி.எச்.ஏ. என்ற ஒரு சர்க்கரைப் பொருள். கிளிசரினை நுண்ணுயிர்களைக் கொண்டு மாற்றி அதைத் தயாரிக்கிறார்கள். கிளிசரின் நம் செம்பனை எண்ணெயிலிருந்தும் கிடைப்பதுதான். 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஈவா விட்கன்ஸ்டைன் என்ற ஆராய்ச்சியாளர், ஒருவகைப் பிறவி நோயுள்ள குழந்தைகளுக்கு இதை வாய்வழியாகக் கொடுத்து வந்தாராம். அது சிந்திய இடத்தில் குழந்தைகளின் தோல் சில மணி நேரத்தில் பழுப்பாகிவிட்டது. துணியில் கறை படியவில்லை, தோலில் மட்டும் படிந்தது. அந்தக் கறையிலிருந்துதான் இத்தனை பெரிய வியாபாரம் பிறந்தது.

ரொட்டியைச் சுட்டால் மேல்பகுதி சிவக்கிறதே, அந்த மாதிரி ஒரு மாற்றம்தான் தோலின் மேல் ஓட்டில் நடக்கிறது. அடித்த சில மணி நேரத்தில் நிறம் ஏறத் தொடங்கும். மேல்தோல் உதிர உதிர, ஒரு வாரம் பத்து நாளில் தானே போய்விடும். அடிக்கும்போது மூக்குக்கு வடிகட்டி, கண்ணுக்கு மூடி, உதட்டுக்குக் களிம்பு. இது மேலே பூசுவதற்குத்தான், உள்ளே போகக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி.

"வெயிலில் நின்றால் தானே கறுக்குமே, இதற்கா காசு?" என்று கேட்டேன். அப்போதுதான் மகள் விளக்கினாள். உலகத்திலேயே தோல் புற்றுநோய் மிக அதிகமாக உள்ள நாடுகளில் ஆஸ்திரேலியாவும் ஒன்று. கறுப்பதற்காகக் கடைகளில் வைத்திருந்த விளக்குப் படுக்கைகளையும், 2016 தொடக்கத்திலிருந்து எந்த மாநிலத்திலும் கட்டணம் வாங்கி நடத்த முடியாதபடி தடை செய்துவிட்டார்கள். ஆசை போகவில்லை, அதனால் இந்தப் பீச்சி வந்தது. ஆனால் இப்படி ஏற்றிய கறுப்பு வெயிலைத் தடுக்காது. அதற்குத் தனியாகக் களிம்பு பூசத்தான் வேண்டும்.

கடை திறந்தது. முதலில் வந்தவள் செம்பட்டை முடிக்காரி. பால் போன்ற தோல், முகமெல்லாம் பழுப்புப் புள்ளிகள். இரண்டு நாளில் அவளுக்குக் கல்யாணமாம். உள்ளதிலேயே மிகக் கறுப்பான கரைசல் எதுவோ அதை அடிக்கச் சொன்னாள். என் மகள் தலையாட்டவில்லை. "உங்கள் கையைக் கொஞ்சம் திருப்புங்கள்" என்றாள். மணிக்கட்டுக்கு மேலே, வெயில் படாத உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "வெயிலில் நின்றால் எரியுமா, கறுக்குமா?" என்று கேட்டாள். "எரியும். எப்போதும் கறுத்ததில்லை" என்றாள் அந்தப் பெண்.

"அப்படியென்றால் உங்களுக்கு 8 விழுக்காடுதான். 14 அடித்தால் கறுப்பாக மாட்டீர்கள், ஆரஞ்சுப் பழமாகிவிடுவீர்கள்" என்றாள் மகள்.

அந்தப் பெண் கொஞ்சம் முகம் சுளித்தாள். காசு கொடுப்பவள் அவளல்லவா? ஆனாலும் என் மகள் அசையவில்லை. நான் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கிராணியின் முகத்தைப் பார்த்துப் பேசவே கூச்சப்பட்ட வம்சத்தில் பிறந்தவள் ஒரு வெள்ளைக்காரியிடம் "வேண்டாம்" என்று மரியாதையோடு, உறுதியோடு சொல்கிறாள்! எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

கணக்கு இதுதான். மிக வெளுத்த தோலுக்கு 8 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவு. கொஞ்சம் வெளுப்பு குறைந்து, வெயிலில் சற்றே கறுக்கும் தோலுக்கு 10. மாநிறத்துக்கு 12. அதற்கு மேல் கறுத்த தோலுக்கு 14. கடைக்குக் கடை கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். அதோடு தோலின் உள்சாயலையும் பார்க்க வேண்டும். வெள்ளைச் சட்டையின் மஞ்சளை எடுக்க நாம் நீலம் போடுகிறோமே, அதே வித்தை. மஞ்சள் ஓடும் தோலுக்கு ஊதா கலந்த கரைசல். சிவப்பு ஓடும் தோலுக்குப் பச்சை கலந்தது. முதல்நாளே சிறிய இடத்தில் பூசி, அரிப்போ தடிப்போ வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

"பிறந்த நிறத்திலிருந்து ஒரு படி, மிஞ்சினால் இரண்டு படி. அதுக்கு மேல போனா, பார்க்கிறவங்களுக்குச் சாயம்னு தெரிஞ்சிடும்" என்றாள் மகள். அவளுடைய தொழிலின் முதல் பாடம் இது. எவ்வளவு கறுக்க ஆசை என்பது இரண்டாவது கேள்விதானாம். உன் தோல் என்ன என்பதுதான் முதல் கேள்வி.

இந்த வார்த்தை என்னைச் சுட்டது. ஏன் என்று சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அது 2001. மகள் படிவம் நான்கில் படித்துக்கொண்டிருந்தாள். கறுப்பு, ஆனால் நல்ல களையான முகம். பள்ளி ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வருவாள். ஒரு கல்யாண வீட்டில் நெருங்கிய உறவுக்காரர் ஒருவர் அவளைப் பார்த்து, "வெயில்ல ஓட விடாதீங்க. அப்புறம் எவன் கட்டுவான்?" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து இரவெல்லாம் தூங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பசார் மாலாமில் ஒரு சிறிய வட்ட டப்பா வாங்கினேன். பதினைந்து வெள்ளி. மூன்று நாள் மருந்தடித்தாலும் மிச்சம் பிடிக்க முடியாத காசு. செய்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை. "ரெண்டே வாரத்துல சிவந்துடும்கா" என்றார் விற்றவர். அந்தச் சொல் ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்தது.

தினமும் இரவு நானே என் கையால் அவள் முகத்தில் பூசினேன். சொன்னபடி இரண்டு வாரத்தில் முகம் வெளுத்தது. அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது மாதம் கன்னம் சிவந்து எரியத் தொடங்கியது. வெயிலில் போனால் அழுதாள். பயந்துபோய் நிறுத்தினேன். நிறுத்தியதும் முன்பிருந்ததைவிடக் கறுப்பாக இரண்டு கன்னத்திலும் படை படையாக விழுந்தது. அரசாங்க மருத்துவமனையில் தோல் டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மாதிரி டப்பாவில் பாதரசம் இருக்கும், ஹைட்ரோகுயினோன் இருக்கும், ஸ்டீராய்டு இருக்கும். எதுவென்று எப்படித் தெரியும்?" என்றார். படை மங்க இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடமும் அவள் ஓடவில்லை. போட்டோ எடுக்கவும் நிற்கவில்லை.

அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. இருபத்திரண்டு வருடம் கழித்து, பெர்த்தில், கடை சாத்திய பிறகு, "உங்க கையைக் காட்டுங்கம்மா" என்றாள். திருப்பிக் காட்டினேன். மேற்புறம் வெயிலில் காய்ந்து கட்டை மாதிரி கறுத்திருந்தது. உட்புறம் வேறு நிறம். நல்ல மாநிறம். இத்தனை வயதில் நான் அதைக் கவனித்ததே இல்லை. "இதுதாம்மா நீங்க பொறந்த நெறம். மேல இருக்கிறது தோட்டத்து வெயிலு" என்றாள்.

அப்போது கேட்டுவிட்டேன். "என்மேல உனக்குக் கோபம் இல்லையா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "இருந்துச்சும்மா. க்ரீம் பூசினதுக்கு இல்ல. நான் இருக்கிறபடி போதாதுன்னு ஊரு நெனச்சுது. நீங்களும் நெனச்சீங்களே, அதுக்குத்தான்" என்றாள். என் கையை மட்டும் அவள் விடவில்லை.

சகோதரிகளே, இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? பதிலுக்குப் பதிலாக உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன்.

நம் உடம்பில் நிறம் தரும் பொருளுக்கு மெலனின் என்று பெயர். அதைத் தயாரிக்கும் அணுக்கள் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். எவ்வளவு சுரக்கிறது, எந்த வகை சுரக்கிறது என்பதில்தான் வித்தியாசம். 1975இல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் தோலை வகை பிரித்தபோது முதலில் வெளுத்த தோல்களை வைத்து நாலு வகைதான் வைத்தார். நம்மைப் போன்ற பழுப்பும் கறுப்பும் ஐந்தாவது, ஆறாவது வகையாகப் பிறகுதான் சேர்ந்தன. படித்தவர்களின் பட்டியலே நம்மைப் பிந்தித்தான் கண்டுகொண்டது. அதற்காக நாமும் நம்மைப் பிந்த வேண்டுமா?

வெளுக்க வைக்கும் டப்பாக்களில் மிகக் கொடியது பாதரசம். அது மெலனினைத் தடுக்கும். அதோடு நிற்காமல் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். பூசியவளின் துண்டிலும் தலையணையிலும் ஒட்டி, மடியில் இருக்கும் குழந்தைக்கும் போகும். மலேசியாவில் அழகுப் பொருளில் அதைச் சேர்க்கத் தடை உண்டு. உலக நாடுகளின் மினமாட்டா உடன்படிக்கையும் 2023இல், பாதரசம் சேர்த்த எல்லா அழகுப் பொருளையும் 2025க்குள் ஒழிக்க முடிவு செய்தது. இருந்தும் சந்தையிலும் கைப்பேசி வியாபாரத்திலும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

வாங்குமுன் பாருங்கள். செய்தவர் பெயரும் முகவரியும் உண்டா? என், ஓ, டி என்ற எழுத்துகளோடு தொடங்கும் அறிவிப்பு எண் உண்டா? அந்த எண் சுகாதார அமைச்சின் மருந்துப் பிரிவில் உண்மையாகவே இருக்கிறதா என்று படித்த பிள்ளைகளை விட்டு இணையத்தில் பார்க்கச் சொல்லுங்கள். எண் இருந்தால் மட்டும் அரசாங்கம் சோதித்துவிட்டது என்று அர்த்தமில்லை, பெயர் பதிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். "தங்கம், வெள்ளி, ரப்பர், அலுமினியத்தில் படாமல் பூசவும்" என்று எழுதியிருந்தால் தொடவே தொடாதீர்கள். அது பாதரசத்தின் அடையாளம். நகையில் படக் கூடாதது பிள்ளையின் கன்னத்தில் படலாமா?

பவுடரும் மேக்கப்பும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்யாணப் பெண் அலங்காரம் செய்யட்டும். ஆனால் ஆசைப்படும் நிறத்தை வாங்காதீர்கள், இருக்கும் நிறத்தை வாங்குங்கள். கடை விளக்கில் பார்க்காமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தாடை ஓரத்தில் கொஞ்சம் தடவி, சற்று நேரம் விட்டு, கழுத்தோடு ஒட்டிப் பாருங்கள். எது தெரியாமல் மறைகிறதோ அதுதான் உங்களுக்கு. இல்லாவிட்டால் முகம் சாம்பல் பூத்து, கழுத்து வேறு ஆளுக்குச் சொந்தமானது போலிருக்கும். நம் கல்யாண ஆல்பங்களைப் புரட்டினால் சாட்சி நிறைய இருக்கிறது.

பேத்திக்கு இப்போது பத்து வயது. அம்மாவின் நிறம், அம்மாவின் கால்கள். பெர்த்தில் அவள் பள்ளி ஓட்டப் பந்தயத்தைப் பார்க்கப் போயிருந்தேன். நல்ல வெயில். தொப்பி போட்டு, களிம்பு பூசி அனுப்பினாள் என் மகள். புற்றுநோய்க்குப் பயந்துதான், நிறத்துக்குப் பயந்தல்ல. குழந்தை இரண்டாவதாக வந்தது. வியர்வையோடு ஓடிவந்து என் மடியில் விழுந்தது.

"பாட்டி, நான் கறுத்துட்டேனா?" என்று கேட்டது.

"ஆமாண்டி தங்கம், ரொம்ப அழகா கறுத்துட்டே" என்றேன். என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவ்வளவு தூரம் விமானம் ஏறிப் போனேன் என்று அப்போது தோன்றியது.