வங்காலைச் சதுப்பும் வாடைக்கால விருந்தினரும்

மன்னார் என்றதும் முத்துக்குளிப்பும் திருக்கேதீச்சரமும் நம்மவர் நினைவுக்கு வரும். பள்ளிமுனையிலுள்ள பருத்த பெருக்கமரத்தைக் கண்டு வியந்து திரும்புவோரும் உளர். ஆயினும், அங்குச் செல்வோருட் பலர் ஒரு பெருங்காட்சியை வண்டியின் சாளரத்தினூடே நொடிப்பொழுதிற் கடந்துவிடுகின்றனர். பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் தாம்போதியின் இருமருங்கும் பரந்து கிடக்கும் வங்காலைச் சதுப்புநிலமே அக்காட்சி.

சிங்கப்பூரின் சுங்கை பூலோவிலும் ஹொங்கொங்கின் மாய் போவிலும் கண்டற்காட்டினூடே பலகைப்பாதை அமைத்து, சேற்றிற் கால் படாமல் மக்கள் உலாவ வழிசெய்திருக்கின்றனர். இங்கே அப்பணியைத் தாம்போதியே செய்கின்றது. வைகறையில் வீதியோரமாக ஒதுங்கி நின்றாற் போதும். ஒருபுறம் உமரி படர்ந்த உவர்நிலம். மறுபுறம் முழங்காலளவும் தேறாத நீர்ப்பரப்பு. வடகீழ்ப் பருவமழை பெய்து, வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் அந்நீரிற் பறவைகள் வந்து நிறைகின்றன.

யாவரும் முதலிற் தேடுவது பூநாரையைத்தான். தேடுவதிற் தவறில்லை. தொலைவில் வெண்கோடு போற் தெரியும் கூட்டம், சிறகை விரித்ததும் செந்நிறமாய் மாறும் விந்தையைப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாய் நீரில் அமிழ்த்தி உண்ணும். நாக்கினால் நீரை உறிஞ்சி வெளியே தள்ளும்போது, அலகின் ஓரத்துச் சீப்புப் போன்ற அமைப்பில் நுண்பாசியும் சிற்றிறாலும் தங்கிவிடுகின்றன. அவ்வுணவிலுள்ள நிறப்பொருளே அதன் சிறகிற்கும் செம்மை தருகின்றது. குஞ்சுகள் சாம்பல் நிறத்தனவே. இலங்கையில் இப்பறவை கூடுகட்டுவதில்லை.

பூநாரையோடு கண்ணை நிறுத்திக்கொள்வோர் பாதியையே கண்டவராவர். ஊசிவால் வாத்தும், நீண்ட அலகால் சேற்றைத் துழாவும் கருவால் மூக்கனும் பல்லாயிரம் கல் கடந்து வந்தவை. மன்னாரிற் பிடித்து, சிறு கருவி பொருத்தி விடப்பட்ட இரு கடற்காகங்கள் 2021ஆம் ஆண்டில் மத்திய ஆசியாவைக் கடந்து உருசியாவின் வடதுருவக் கரைவரை சென்று, அவ்வாண்டிலேயே மீண்டன. ஆய்வாளர் அவற்றுள் ஒன்றிற்கு 'மன்னார்' என்றே பெயரிட்டிருந்தனர்! மத்திய ஆசிய வான்வழி என அறிஞர் கூறும் நெடும்பாதையின் தென்கோடியில் நம் தீவு இருப்பதே இவ்வளவு கூட்டத்திற்கும் காரணம். அப்பால் கடலேயன்றி நிலமில்லை.

வங்காலை 2008இற் சரணாலயமாக்கப்பட்டது. 2010இல் 4,839 ஹெக்டேயர் பரப்புடன் இராம்சார் சாசனத்தின் பட்டியலிலும் இடம்பெற்றது. சட்டத்தின் வேலி சரணாலயத்தின் எல்லையோடு நின்றுவிடுகின்றது. பறவையின் வழி நிற்பதில்லை. தீவின் தென்கரையில் 'தம்பபவனி' என்னும் காற்றாலைத் திட்டம் 2020இற் திறந்துவைக்கப்பட்டது. அதில் முப்பது கோபுரங்கள், ஆற்றல் 103.5 மெகாவாற்று. பறவைகளைச் சுமந்துவரும் அதே காற்றுத்தான் அச்சக்கரங்களையும் சுழற்றுகின்றது. நாட்டிற்கு மின்சாரம் வேண்டும். நிலக்கரிப் புகையினும் காற்று தூயது என்பதை யார் மறுப்பார்? எனினும், இத்துணை ஒடுங்கிய தீவில் மேலும் மேலும் கோபுரங்களை நாட்டுவது வேறு விஷயம். மழைவெள்ளம் கடலுக்கு வடியும் வழி அடைபடுகின்றது என்பது தீவு மக்களின் முறையீடு. 2025 ஓகஸ்டில் அவர்கள் புதிய காற்றாலைகளை எதிர்த்து வீதிக்கு வந்தனர். அவ்வாண்டு பெப்ரவரியிலேயே 250 மெகாவாற்றுப் பெருந்திட்டமொன்றிலிருந்து இந்தியாவின் அதானி நிறுவனம் விலகியிருந்தது. நம்மைக் கேட்டால், காற்று வீசும் இடம் இலங்கையிற் பிறவும் உள. இத்தகைய சேற்றுநிலம் அரிது என்போம்.

செல்ல விரும்புவோர் மார்கழி முதல் மாசி வரையுள்ள காலத்தைத் தெரிந்துகொள்க. தொலைநோக்காடி ஒன்று கையிலிருத்தல் நலம். உவர்நிலத்திற்குள் இறங்க வேண்டாம். ஒருவர் அடியெடுத்து வைத்தாலும் கூட்டம் முழுவதும் எழுந்துவிடும். வெயில் ஏறியதும் தீவிற்குள் சென்று, 1560இற் போர்த்துக்கேயர் தொடங்கி, பின் ஒல்லாந்தர் புதுக்கிய கோட்டையைப் பார்க்கலாம். வீதியில் மன்னார்க் கழுதைகள் குறுக்கே நிற்கும். வண்டியோட்டிதான் பொறுத்திருக்க வேண்டும், அவை அவசரப்படுவதில்லை.