டமார்!

ஆறடி மூங்கில் வில் கையிலேயே ஒடியற சத்தம் கேட்டிருக்கீங்களா பாஸ்? நான் மூணு தடவை கேட்டாச்சு!

முதல் வில், அழகா இருக்கணும்னு வெளிப்பக்கக் கணுவையெல்லாம் அரத்தால தேய்ச்சதுல போச்சு. மூங்கிலுக்குப் பலமே தோலுக்குக் கீழே நெருக்கமா ஓடற நார்தான். அதையே அறுத்துட்டா? ரெண்டாவது, அவசரம். செஞ்ச அன்னிக்கே முழுசா இழுத்தேன்.

மூணாவதுதான் அவமானம். கீழ்ப்பாதி விறைப்பா இருக்கேன்னு ராத்திரி 11 மணிக்கு உள்பக்கத்தை 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்'னு சீவினேன். கனம் 10 சதவிகிதம் குறைஞ்சா விறைப்பு 27 சதவிகிதம் காலி. செமஸ்டர்ல இதே கணக்குக்கு ஃபுல் மார்க் வாங்கினவன் நான்! அடுத்த இழுப்புல சீவின இடமே மடங்கி, டமார்.

துண்டுகளைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு, ரெண்டு வாரம் கத்தியைத் தொடவே இல்லை.

அப்பாவுக்குத் தச்சு வேலை. நான் உளி பிடிக்கக் கூடாதுன்னுதான் இன்ஜினீயரிங் சேர்த்தார். அவர்கிட்ட போய்க் கேட்க எனக்கு ரோஷம். ஒரு ஞாயித்துக்கிழமை அவரே துண்டுகளை இழுத்துப் போட்டுப் பார்த்தார். திட்டு விழும்னு நின்னேன்.

"கோவத்துல சீவியிருக்கடா. தடத்தைப் பாரு, ஆழ ஆழமா இருக்கு."

அவ்வளவுதான் சொன்னார்.

இப்ப நாலாவது வில். சுவத்துல மாட்டி, கப்பி வழியா நாணை இழுத்து, கொஞ்சமா சுரண்டி, மறுபடி இழுத்து... எரிச்சல் வந்தா கத்தியை வெச்சுட்டு டீ குடிக்கப் போயிடுவேன். 20 அங்குலம் இழுபட்டிருக்கு. இன்னும் 8 பாக்கி.

நேத்து கயித்தை அப்பா இழுத்துக் கொடுத்தார். மேல்பாதி இன்னும் விறைப்பாம்.