இருக்கிற கேமராவுக்கு இன்னொரு கண்ணாடி



போன வாரம் கூந்தன்குளத்து நாரைப் படங்களைப் போட்டதும், "சார், புது கேமராவா?" என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். கேமரா பழையதுதான். 2013-ல் மருமகன் வாங்கித் தந்த அதே பானாசோனிக் லூமிக்ஸ் எப்.இசட்.200. அதன் முன்னால் ஒரு டெலி கன்வெர்ட்டர் லென்ஸ் மாட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்பு பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து பெரிய ஜூம் கேமரா ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொன்னதில் அவர்களுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். அதனால் காரணத்தை விவரமாகவே எழுதிவிடுகிறேன். கன்வெர்ட்டர் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் உதவும்.

முதலில், தூரத்திலிருந்து ஏன் எடுக்க வேண்டும்? கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குளத்து மரங்களில் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டுப் பக்கத்து மரங்களிலும் கூடு கட்டும். பறவைகள் மிரளக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் பட்டாசே வெடிப்பதில்லை. ஆனால் வெளியூரிலிருந்து போகிற நம்மைப் போன்றவர்கள், படம் பெரிதாக விழ வேண்டும் என்று மரத்தடி வரைக்கும் போகிறோம். ஒருமுறை இரண்டு வாலிபர்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார்கள். ஒரு மரத்துப் பறவைகள் மொத்தமும் எழும்பிவிட்டன. இறகு முளைக்காத குஞ்சுக்குத் தாயின் சிறகுதான் நிழல். சித்திரை வெயிலில் அந்த நிழல் கொஞ்ச நேரம் விலகினாலே ஆபத்து. முட்டை என்றால் காக்கை காத்துக்கொண்டிருக்கும். படம் எடுத்தவர் போய்விடுவார், நடந்தது அவருக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே நான் கரையைவிட்டு இறங்குவதில்லை. நான் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து கூட்டு மரம் சுமார் 85 மீட்டர். கூகுள் மேப்பில் அளந்து பார்த்தேன். என் கேமராவின் ஜூம் 25 முதல் 600 மி.மீ. வரை. அந்தத் தூரத்தில் 600 போதவில்லை. நாரை தெரிகிறது, குஞ்சின் வாயில் மீன் இருக்கிறதா என்பது தெரியவில்லை.

இங்கேதான் கன்வெர்ட்டர் வருகிறது. ஏழாம் வகுப்பில் குவிலென்ஸ், குழிலென்ஸ் நடத்தினேனே, நினைவிருக்கிறதா? முன்னால் ஒரு குவிலென்ஸ், பின்னால் ஒரு குழிலென்ஸ். 1609-ல் கலிலியோ வானத்தைப் பார்த்த தொலைநோக்கியின் அமைப்பும் இதுதான். இது தனியாகப் பிம்பத்தை விழவைப்பதில்லை. தூரத்துப் பொருளைப் பெரிதாக்கிக் கேமராவின் லென்ஸிடம் ஒப்படைக்கிறது.

1.7 மடங்கு கன்வெர்ட்டர் போட்டால் 600 என்பது 1020 மி.மீ. ஆகிறது. வகுப்பறைக் கணக்காகச் சொன்னால், 85-ஐ 1.7-ஆல் வகுத்தால் 50. அதாவது 85 மீட்டரில் உள்ள நாரை 50 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும். நான் நகராமலே 35 மீட்டர் நடந்துவிட்டேன். படத்தில் பறவை அடைக்கும் பரப்பு 1.7 × 1.7, கிட்டத்தட்ட மூன்று பங்கு.

இன்னொரு லாபமும் உண்டு. பெரிய எஸ்.எல்.ஆர். கேமராக்களில் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் போடும் கன்வெர்ட்டர் வெளிச்சத்தைத் தின்னும். 2 மடங்கு போட்டால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். முன்னால் மாட்டும் இந்த வகையில் அந்த இழப்பு அநேகமாக இல்லை. என் கேமரா முழு ஜூமிலும் எப் 2.8 தரக்கூடியது. கன்வெர்ட்டர் போட்ட பிறகும் அதே 2.8-தான். விடியற்காலை மங்கல் வெளிச்சத்தில் இது பெரிய காரியம்.

அப்படியானால் 2.2 மடங்கு வாங்கினால் இன்னும் நல்லதுதானே என்பீர்கள். பேரனும் அதையேதான் சொன்னான். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த ஒன்றை வரவழைத்தும் விட்டான். ஸ்டூடியோ வைத்திருக்கும் மாணவர் ஒருவரிடம் என் கேமராவுக்கென்றே பானாசோனிக் செய்த 1.7 மடங்கு லென்ஸ், டி.எம்.டபிள்யூ. எல்.டி.55, சும்மா கிடந்தது. இரண்டையும் வைத்து ஒரு பரிசோதனை நடத்தினோம்.

எதிர்வீட்டு மாடிச் சுவரில் தினசரிக் காலண்டர் தாள் ஒன்றை ஒட்டினோம். தூரம் 20 மீட்டர். கன்வெர்ட்டர் இல்லாமல் ஒரு படம், 1.7-ல் ஒன்று, 2.2-ல் ஒன்று. மூன்றுக்கும் கேமரா அசையாமல் ஸ்டாண்டில் இருந்தது. பிறகு கம்ப்யூட்டரில் மூன்றையும் ஒரே அளவுக்குப் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். கன்வெர்ட்டர் இல்லாத படத்தில் தேதியும் கிழமையும் படிக்க முடிந்தது. 1.7-ல் ராகு காலம், எமகண்டம் வரைக்கும் படிக்க முடிந்தது. 2.2-ல் எழுத்து பெரிதாக இருந்தது, ஆனால் கலங்கியிருந்தது. ஓரத்துக்குப் போகப் போக மெழுகு உருகினாற்போல் இழுத்துக்கொண்டது. வானத்தை ஒட்டிப் போகும் கேபிள் வயரில் ஊதா நிறக் கரை வேறு. வெள்ளை நாரையை வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் அதன் கழுத்திலும் இதே கரைதான் விழும்.

வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது ஒன்றே: கன்வெர்ட்டர் இல்லாமல் எடுத்து வெட்டிப் பெரிதாக்கிய படத்தைவிட, கன்வெர்ட்டர் போட்ட படத்தில் கூடுதலாக ஏதாவது தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அது எத்தனை மடங்காக இருந்தாலும் வெறும் பாரம்தான். 2.2-ஐத் திருப்பி அனுப்பினோம். 1.7-ஐ மாணவர் சும்மா தருகிறேன் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பேசி 6,000 ரூபாய் கொடுத்தேன்.

வாங்குபவர்கள் கவனிக்க இன்னும் சில:

1. கன்வெர்ட்டரை, முன்னும் பின்னும் நகரும் ஜூம் குழலின் நுனியில் நேராகத் திருகாதீர்கள். அந்தப் பாரத்தைக் குட்டி மோட்டார் தாங்காது. கேமரா உடம்போடு பொருந்தும் அடாப்டர் குழாய் தனியாக உண்டு. அது கிடைக்குமா என்று பார்த்துவிட்டு லென்ஸ் வாங்குங்கள். மரையின் விட்டமும் பொருந்த வேண்டும்.

2. இப்போது இவை பெரும்பாலும் பழைய பொருளாகத்தான் கிடைக்கின்றன. ஒரு பக்கம் செல்போன் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். வாங்கியபின் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

3. முழு ஜூமில்தான் இது சரியாக வேலை செய்யும். ஜூமைக் குறைத்தால் படத்தின் மூலைகள் கறுத்துவிடும். மிகப் பக்கத்தில் உள்ளது ஃபோகஸ் ஆகாது. முற்றத்துக் குருவிக்கு இது வேண்டாம்.

4. 1020 மி.மீ.யில் மூச்சு விட்டாலும் படம் ஆடும். ஷட்டர் ஆயிரத்தில் ஒரு நொடிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடது கை கன்வெர்ட்டருக்கு அடியில் இருக்கட்டும். நான் பழைய தலையணை உறையில் ரெண்டு கிலோ அரிசி கட்டிக் கரைச் சுவரில் வைத்து, அதன்மேல் கேமராவைச் சாய்க்கிறேன்.

5. வெயில் ஏறியபின் தண்ணீர்மேல் காற்று நெளியும். அதை எந்த லென்ஸாலும் சரிசெய்ய முடியாது. காலை எட்டு மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

இனி அந்தப் பெரிய கேமரா விஷயம். 2015-ல் நிக்கான் பி.900 என்று ஒன்று வந்தது. கன்வெர்ட்டரே இல்லாமல் 2000 மி.மீ. வரை போகும். நல்ல கேமராதான், குறை சொல்லவில்லை. ஆனால் என் 85 மீட்டருக்கு 1020 போதும். போதும் என்றானபின் மாணவர்கள் உழைத்த காசை எதற்குச் செலவழிக்க வேண்டும்?

போன ஞாயிறு கரையில் நின்றபோது ஆறாவது ஏழாவது படிக்கும் பையன்கள் நாலு பேர் வந்தார்கள். ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கப் பார்த்தான். "இங்க வா தம்பி, இதுல பாரு" என்று திரையைக் காட்டினேன். தாய் நாரை குஞ்சுக்கு மீனைக் கக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. நாலு பேரும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அதன்பிறகு ஒருவனும் இறங்கவில்லை.

அதனால் அந்த மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இது. எனக்குத் தர நினைத்ததில் ஒரு சிறு பங்கு போதும், நம் பள்ளிக்கூடத்துக்கு எட்டு மடங்கு பைனாகுலர் இரண்டு வாங்கிக் கொடுங்கள். பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போகும் பொறுப்பு என்னுடையது. முடிந்தவர்கள் குடும்பத்தோடு வாருங்கள். கன்வெர்ட்டரைக் கையில் வாங்கிப் பார்க்க ஆசைப்படுபவர்களும் வரலாம், காலை ஆறு மணிக்கு அரிசி மூட்டையோடு கரையில்தான் இருப்பேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் சயின்ஸ் சார்