வலிக்காத கால்

சர்க்கரை என்றதும் நம்மவர்கள் வெந்தயம், பாகற்காய், கம்பங்கூழ் என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். காலைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. எனக்குச் சர்க்கரை வந்து ஏழு வருஷம். இங்கே கான்பூரில் ஒரு டாக்டர்தான் முதல் தடவையாக "சாக்ஸைக் கழற்றுங்க" என்றார்.

நைலான் நரம்பு மாதிரி ஒரு சின்னக் கருவி. 10 கிராம் அழுத்தத்தில் வளையும். கண்ணை மூடச் சொல்லி பாதத்தில் அங்கங்கே தொடுவார், பட்டால் சொல்ல வேண்டும். வலது கால் பாஸ். இடது காலில் "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று காத்திருக்கிறேன், அவர் அதற்குள் இரண்டு இடம் தொட்டு முடித்திருந்தார்!

சர்க்கரை அதிகமாகவே இருந்தால் நீளமான நரம்புகள்தான் முதலில் அடிவாங்குமாம், அதனால்தான் விரல் நுனியில் ஆரம்பிக்கிறது. போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்பாது. அலாரம் வேலை செய்யாத ஸ்ட்ராங் ரூம் மாதிரிதான். உள்ளே என்ன நடந்தாலும் சத்தம் வராது.

எங்கள் கிளையின் தலைமைக் காசாளருக்கு நடந்தது இதுதான். 2019 ஜனவரி. இந்த ஊர்க் குளிர் தெரியுமில்லையா, ஹீட்டர் பக்கம் காலை நீட்டியபடி தூங்கிவிட்டார். கொப்புளம் வந்ததே தெரியவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் மனைவி பார்த்தார். இரண்டு விரல் போயிற்று. "தர்த் தோ ஹுவா ஹீ நஹீ" என்று இன்னமும் ஆச்சரியமாகச் சொல்வார்.

இந்த 'வலிக்காததுதான் ஆபத்து' என்ற விஷயத்தில் நம் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1946ல் அங்கே சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்ணுக்கு முக்கியக் காரணம் சதை அழுகுவதல்ல, வலி தெரியாமல் அடிபடுவதுதான் என்று காட்டினார். பின்னால் அமெரிக்கா போய் அதே பாடத்தைச் சர்க்கரைக்காரர்களின் காலுக்கும் பயன்படுத்தினார். டாக்டர் எனக்கு எழுதிக்கொடுத்த மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு கூட தொழுநோய் சிகிச்சையில் புழங்கியதுதான்.

குடும்பம் கோவையில், நான் இங்கே தனியாக. உள்ளங்காலைப் பார்க்க ஆள் கிடையாது. தரையில் ஒரு ஷேவிங் கண்ணாடியை வைத்துக்கொண்டு தினமும் ராத்திரி பார்க்கிறேன். விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது, அங்கே கிரீமும் தடவக் கூடாது. வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொள்கிறேன், பாதத்தை நம்பிப் பிரயோஜனமில்லை. நகத்தை நேராக வெட்டுகிறேன். கால் ஆணியை பிளேடால் சீவுவது, மருந்துக்கடை கார்ன் பிளாஸ்டர் ஒட்டுவது இரண்டுமே கூடாதாம். ஷூவைப் போடும் முன் தலைகீழாக ஒரு உதறல். ஒருநாள் ஸ்டேப்ளர் பின் ஒன்று விழுந்தது, வங்கிக்காரன் ஷூவில் வேறென்ன விழும்!

தோலுக்குப் பேர்போன ஊர் ஆயிற்றே, ஷூ வாங்குவது சுலபம் என்று நினைக்காதீர்கள். முனை கூராக இருப்பதையே எடுத்து நீட்டுகிறார்கள். கால் லேசாக வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் போய், விரல் அகலமாக உட்காரும் ஜோடி கிடைக்க நாலு கடை ஏறினேன்.

மே மாதம் ஊருக்குப் போனால் கோயில் பிரகாரம் கொதிக்கும். காலையிலேயே போய்விடுவேன். வெயில் ஏறிவிட்டால் கெட்டியான சாக்ஸோடு விறுவிறுவென்று ஒரு சுற்று. குருக்கள் ஒன்றும் சொல்லவில்லை. அத்தைதான் முறைத்தாள்.