மலைத்தீவின் ஊனுண்ணி நத்தை

பாளையங்கோட்டையில் ஐப்பசியிலும் மின்விசிறி ஓடாமல் உறக்கம் வராது. அதே மாவட்டத்தில், மணிமுத்தாறு சோதனைச்சாவடியைத் தாண்டி ஏறினால் மாஞ்சோலையில் பல் தந்தியடிக்கிறது! இன்னும் மேலே நாலுமுக்கில் அடைமழை. தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் இதுவும் ஒன்று. மட்கிய இலை வாசம் மூக்கை நிறைத்தது. அட்டைக்குப் பயந்து காலில் உப்பும் மூக்குப்பொடியும் தேய்த்திருந்தேன்.

"மிதிச்சிராதிய சார்!" என்று கூட வந்த அண்ணாச்சி கையைப் பிடித்து நிறுத்தினார்.

குனிந்தேன். இலைச்சருகில் சுண்டுவிரல் நகமளவு நத்தை. பால்வெள்ளை ஓடு ஒருபக்கமாகச் சரிந்திருக்க, உடம்பு பளீர் மஞ்சள். அதன் தலை இன்னொரு குட்டி நத்தையின் ஓட்டுக்குள் மெல்ல மெல்ல நுழைந்துகொண்டிருந்தது. நத்தையை நத்தை தின்கிறது! முருங்கை இலை சுரண்டும் நத்தைகளையே கண்டு வளர்ந்த எனக்கு வாயடைத்துப் போயிற்று. ஸ்ட்ரெப்டாக்சிடே என்னும் ஊனுண்ணிக் குடும்பமாம் இது.

கொஞ்சம் தள்ளி மரப்பட்டையில் இந்திரெல்லா என்னும் இன்னொரு நத்தை. குங்குமச் சிவப்பு! ஓட்டுக்குள் அடங்காத உடம்பு, பாதிதான் நத்தை. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. 1850இல் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தவர் பென்சன் என்பவர். 1847இல் மொரீஷியஸிலிருந்து ஆப்பிரிக்க ராட்சத நத்தையைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவரும் அவரேதான் என்பதை நினைத்தால் மனசு ஆறவில்லை. இன்று அது நாடெங்கும் தோட்டங்களை மொட்டையடிக்கிறது.

அதே ராட்சதனை ஒழிக்கத்தான் பசிபிக்கின் மூரியா தீவில் 1977இல் அமெரிக்க ஊனுண்ணி நத்தையை விட்டார்கள். அதுவோ அந்தத் தீவுக்கே உரிய பார்ட்டுலா நத்தைகளைப் பத்தாண்டுகளில் ஏறத்தாழத் துடைத்துவிட்டது. ஓர் ஊனுண்ணி பிறந்த மண்ணில் இருக்கும்வரை அதனால் கேடில்லை. பெயர்த்து வேறிடத்தில் விட்டால்தான் வினை.

மாஞ்சோலை இருக்கும் இந்த அகத்தியமலையும் ஒருவகையில் தீவுதான். வடக்கே செங்கோட்டைக் கணவாய், கிழக்கே கொதிக்கும் சமவெளி. ஈரம் தேடும் நத்தை இவற்றைக் கடந்து எங்கே போகும்? தின்பதும் தின்னப்படுவதும் யுகயுகமாக இங்கேயே ஒன்றாக வாழ்கின்றன. தாமிரபரணிக்கு நீர் தரும் இந்த ஈரக்காடுதான் இவற்றுக்கும் வீடு.

வனத்துறை அனுமதியோடு இங்கே வாருங்கள், கண்குளிரப் பாருங்கள். தொட்டிச்செடி, நர்சரி மண் எதையும் ஏற்றி வராதீர்கள். ராட்சத நத்தையின் முட்டை மண்ணோடுதான் பயணம் செய்யும். செருப்பிலும் டயரிலும் ஒட்டிய சேற்றை அடிவாரத்திலேயே கழுவிவிட்டு ஏறுங்கள்.